அண்ணரின் அலுமாரியில் ஒன்று குறைகிறது

எங்கள் அண்ணர் புளியந்தீவில், வாவிக்கரையிலிருந்து நாற்பது அடி தள்ளியிருந்த வீட்டில் பிறந்தார். நான்கு வருடமும் ஏழு மாதமும் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். இன்று அவர் மறைந்து முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அண்ணரின் ஒரே மகள், என் பெறாமகள், கேட்டபோது, "சித்தப்பா, அப்பாவில குறை பிடிச்சு எழுதிப்போடாதீங்க" என்றும் சொன்னாள். குறை எழுத மாட்டேன், எண்ணிக்கை மட்டும் எழுதுவேன் என்றேன். அதற்குத்தான் பயப்படுகிறேன் என்றாள்.

அப்பா தபாற்கந்தோரில் வேலை பார்த்தார். வீட்டில் ஒரு வால்வு றேடியோ இருந்தது. அதன் முன்னால் அண்ணர் உட்காருவார், அவருக்குப் பின்னால் நான். ஒரு பாட்டை ஒரு தரம் கேட்டால் மறுநாள் அதை அப்படியே பாடுவார். அம்மா அடுப்படியை விட்டு வந்து கேட்பார். நான் பாடினால் அம்மாவுக்கு அடுப்பு நினைவு வந்துவிடும். இருவரையும் ஒரு சங்கீத வாத்தியாரிடம் சேர்த்தார்கள். ஒன்பதாவது நாள் வாத்தியார் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அப்பாவிடம், "மூத்தவன் தாளம் போடுறான். இளையவன் எண்ணுறான்" என்றார். அத்தோடு என் சங்கீதம் முடிந்தது. அண்ணர் ஆறு வருடம் படித்தார்.

பிறகு அண்ணர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சேர்ந்து, வயல் வட்டை வட்டையாகப் போய் வாய்க்காலும் மதகுத் துருசும் பார்த்தார். முப்பத்து மூன்று வருடச் சேவை. தண்ணீருக்காக மண்வெட்டியோடு எதிரெதிரே நின்ற கமக்காரர்களிடம், அண்ணர் வரம்பில் உட்கார்ந்து ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்தே கதையைத் திருப்பிச் சமாதானம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. இரண்டு பேரிடம் தனித்தனியாக விசாரித்தேன். உண்மைதான். நான் ஓர் அரசாங்கக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். ஒரு கதிரைகூடக் குறைந்ததில்லை. அதை யாரும் கதையாகச் சொன்னதில்லை.

அண்ணர் ஆரையம்பதியில் திருமணம் செய்தார். எங்கள் வழக்கப்படி மனைவியின், அதாவது என் மச்சாளின், வீட்டுக்கே குடிபோனார். அங்கேதான் கசற் சேர்க்கத் தொடங்கினார். முதலில் பாட்டுக் கேட்பதற்காக வாங்கினார். நாலைந்து வருடத்தில் வாங்குவதற்காக வாங்கினார். வேலைக்குப் போகும் ஊரெல்லாம் ஒரு கசற் கடையாவது இருந்தது. தெரியாத பாஷைப் பாட்டு, நாடா அறுந்தது, ஏற்கெனவே வீட்டில் இரண்டு கிடப்பது, எல்லாம் வாங்கினார். குடிப்பவர்களைப் போலவே அவரும் விடப் பார்த்தார். கசற் கடை இருக்கும் சந்திக்கு முன்னதாகவே பஸ்ஸால் இறங்கி, சுற்றிக்கொண்டு நடந்து வருவார். ஐந்து நாள் அப்படி நடப்பார். ஆறாம் நாள் மூன்று கசற்றோடு வருவார்.

பெறாமகளுக்குக் கல்யாணம் சரிவந்தபோது வீட்டில் 1,870 கசற் இருந்தது. எண்ணியவன் நான். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கல்யாணத்துக்கு முன் பெரிய வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணரும் மச்சாளும் அதே வளவின் பின்பக்கத்து ஒற்றை அறைக்கு மாற வேண்டும். அந்த அறையில் இரண்டு கட்டிலும் ஓர் இரும்பு அலுமாரியும் வைத்தால் கதவு திறக்க மட்டும் இடமிருக்கும். மச்சாள் கசற்றுகளைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். "ஒண்டில் இதுகள் போகோணும், இல்லாட்டி நான் கோழிக்கூட்டில படுக்கோணும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அண்ணர் பயந்தார்.

அன்று மாலை கல்லடியிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். மூத்தவர் என்னிடம் உதவி கேட்டது வாழ்க்கையில் அது ஒரு தரம்தான்.

"தம்பி, என்னால இத நிப்பாட்ட ஏலாது. நீதான் எண்ணுற ஆள். வந்து எண்ணு. உனக்கு மறுமொழி சொல்லோணும் எண்டால் பயந்து நிப்பன்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. காட்டிக்கொள்ளாமல் சட்டம் எழுதினேன். அலுமாரியில் ஐந்து தட்டு, தட்டுக்கு எண்பத்திரண்டு, மேலே குறுக்காக இரண்டு. ஆக 412. அதற்கு மேல் ஒன்றும் கூடாது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். ஞாயிறு தோறும் நான் வந்து வாய்விட்டு எண்ணி, வந்ததையும் போனதையும் ஒரு கொப்பியில் பதிவேன்.

முதலில் 1,458 கசற்றுகள் போயின. அதற்குப் பிறகுதான் அண்ணரின் போராட்டம். அரிசி டிரம்முக்குள் ஏழு பிடித்தேன். தண்ணீர் மோட்டருக்குப் போட்ட கூட்டுக்குள் நான்கு. சாமிப்படத்துக்குப் பின்னால் இரண்டு, அதில் ஒன்று நாட்டுக்கூத்து. எல்லாவற்றையும் விட மோசமான தந்திரம் ஒன்று செய்தார். சனிக்கிழமை ஒருவருக்குக் கசற்றைக் கொடுப்பார், திங்கட்கிழமை போய், ஒரு தரம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று திருப்பி வாங்கி வருவார். ஞாயிறு எண்ணிக்கை சரியாக இருக்கும். ஒரே கசற் ஐந்து தரம் வெளியே போனதைக் கொப்பியைப் புரட்டும்போதுதான் கண்டேன். உடனே இரண்டாவது சட்டம் எழுதினேன்: வெளியே போனது திரும்ப உள்ளே வரக்கூடாது. கடதாசியை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். கீழே இருவரும் கையொப்பமிட்டோம்.

அதற்குப் பிறகு கொடுப்பதில் அவருக்கு வேறு விதமான அக்கறை வந்தது. எதை யாருக்குக் கொடுப்பது என்று கிழமை முழுவதும் யோசிப்பார். மகனைக் கடலில் இழந்த மாங்கேணி மீனவருக்கு ஒன்று. இரவு வேலை முடித்து வரும் தாதி ஒருவருக்கு ஒன்று. பாண் விற்கும் வாகனத்தில் ஒலிக்கும் ஒரே மெட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன் என்று சொன்ன சாரதிக்கு ஒன்று. ஆளின் பெயரைச் சொல்லிக் கசற்றை நீட்டுவார், நான் கொப்பியில் பதிவேன். பத்தொன்பது வருடத்தில் 733 கசற் வந்தது, 733 போனது. மூன்று தடித்த சீ.ஆர். கொப்பி நிறைந்தது. அந்த 733 வரியில் என் பெயர் இல்லை. ஒரு வரியில்கூட இல்லை.

ஒரு ஞாயிறு எண்ணி முடித்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு கசற் றேடியோ சும்மா கிடக்கிறது என்று வாய்விட்டேன். அண்ணர் சிரித்தார்.

"உனக்கெதுக்குடா தம்பி? நீ எண்ணுற ஆள். கேட்கிற ஆள் இல்லையே."

அது நடந்து பதினொரு வருடம். அன்று தேநீர் குடிக்காமல் வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். ஆனால் எனக்குத் தராத கசற் யாருக்குத் தருகிறார் என்று அன்றிலிருந்து வேறு விதமாகக் கவனித்தேன். சொந்தக்காரருக்குக் கொடுத்தால் பொறுத்துக்கொண்டேன். பாண்காரருக்குக் கொடுத்தபோது பொறுக்கவில்லை. மிகவும் பொறுக்காதது காத்தான்குடிக்காரர் ஒருவரைத்தான். அங்கே பழைய றேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஊரெல்லாம் அவரைக் காக்கா என்றே கூப்பிடும். கிழமையில் மூன்று பின்னேரம் அண்ணர் அந்தக் கடையில்தான் இருந்தார். எனக்கு ஒரு ஞாயிறு, அவருக்கு மூன்று பின்னேரம். கல்லடியிலிருந்து அண்ணர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடையைத் தாண்ட வேண்டும். வேறு அலுவலாகப் போகும் கிழமை நாளில் உள்ளிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டால் சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

எழுத மறந்த ஒன்று. மூன்றாம் வருடம் அண்ணர் உறையில் எழுத்தே இல்லாத ஒரு கசற்றை உள்ளே கொண்டுவந்தார். என்ன பாட்டு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கொப்பியில் 'வெற்று' என்று எழுதினேன். அதற்குப் பதிலாக அவர் வெளியே கொடுத்தது, கோயில் திருவிழாவில் தானே பதிவு செய்த நாதஸ்வரக் கசற். வீடு எரிந்தாலும் அதைத்தான் முதலில் எடுப்பேன் என்று சொல்லிவந்த கசற் அது. வெறும் கசற்றுக்காக இதையா கொடுக்கிறீர்கள், புத்தி பேதலித்துவிட்டதா என்று ஏசினேன். "எண்ணு" என்றார். அந்த வெற்றுக் கசற் அன்றிலிருந்து மேலே குறுக்காகக் கிடந்தது. 412ஆவதாக எப்போதும் அதைத்தான் எண்ணினேன்.

கசற் கடைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். மருமகன் ஐயாயிரம் பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து, இனி மாமாவுக்கு அலுமாரியே தேவையில்லை என்றார். அண்ணர் இரண்டு நாள் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் கிடக்கு மகன். ஆனா இதில ஒண்டை எடுத்து ஆருக்கும் குடுக்க ஏலாதே" என்றார்.

கடைசி நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். மச்சாளும் பெறாமகளும் மாறி மாறிப் பார்த்தார்கள். படுத்த நாளிலிருந்து ஒரு கசற்கூட உள்ளே வரவில்லை. கைக்கு எட்டாததால்தான் ஆசை அடங்கியது என்று நான் நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, அமைதியாகப் போனார்.

இறுதிக் கிரியைக்கு 214 பேர் வந்தார்கள். அதில் 41 பேர் என்னிடம் வந்து கசற்றைப் பற்றித்தான் சொன்னார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றே: எனக்கென்றே எடுத்துவைத்துத் தந்தவர். மாங்கேணி மீனவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். சட்டைப் பையில் கசற் இருந்தது. போட்டுக் கேட்க வீட்டில் மெசின் இல்லையாம். "கையில கிடந்தாக் காணும் ஐயா" என்றார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். கொடுத்த கை என்னுடையது. மனம் எங்கே நின்றது என்பதைச் சாவீட்டில் எழுதிவைக்க முடியாது.

எட்டாம் நாள் கடமை முடிந்த ஞாயிறு, வழக்கம்போல எண்ணினேன். 411. மூன்று தரம் எண்ணினேன். மேலே குறுக்காக ஒன்றுதான் கிடந்தது. வெற்றுக் கசற்றைக் காணவில்லை. என்னைக் கேட்காமல் அலுமாரியிலிருந்து ஒன்று போயிருக்கிறது. யாரிடம் போனது என்று மச்சாளிடம் கேட்டேன். போவதற்கு முதல்நாள் புதன்கிழமை, பார்க்க வந்த காக்காவுக்குக் கொடுத்தார் என்றார்.

நான் கடைக்குப் போனபோது காக்கா ஒரு றேடியோவின் வயிற்றைத் திறந்துவைத்திருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வெறும் கசற் ஒன்றை எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டேன். காக்கா மேசை லாச்சியைத் திறந்து கசற்றை எடுத்து மெசினில் போட்டார்.

ஒரு மனிதர் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. கரகரத்த குரல். இருபத்தாறில் நிறுத்தி, இதன் உறை உடைந்திருக்கிறது, கவனமில்லை என்று ஏசினார். மறுபடி எண்ணினார். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குரலுக்கு அடியில் மேசையில் விரல் தட்டும் சத்தம் ஒன்று இருந்தது. எட்டு எண்ணுக்கு ஒரு தாளச் சுற்று. நான் நிறுத்திய இடத்தில் நின்று, தொடங்கிய இடத்தில் தொடங்கியது. 412 வரை தட்டியது. கடைசியில் அந்த மனிதர், "நானூற்றுப் பன்னிரண்டு, சரி. மச்சாள், தேத்தண்ணி இருக்கா?" என்றார்.

காக்கா மெசினை நிறுத்தினார். "பழைய றேடியோவக் கண்டா எனக்கும் கை சும்மா இரிக்காது சேர். கடைக்குப் பின்னால நடக்க எடமில்ல, புள்ளைகள் ஏசுறாங்க. அதுக்குத்தான் அண்ணன் தந்தாரு. வாங்க ஆசை வந்தா இதப் போட்டுட்டு இரு, முடியக்குள்ள ஆசை போயிரும் எண்டாரு. அவருக்கும் இதுதானாம் மருந்து, ஒங்களுக்குத் தெரியாம ஒரு ஞாயிறு பதிஞ்சதாம்."

எத்தனை தரம் கேட்டிருப்பார் என்று கேட்டேன்.

"அத எண்ணுறதுக்கு நீங்க அங்க இல்லையே சேர்."

அது என் குரல், எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். காக்கா கசற்றை உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அலுமாரிக் கதவுல ரெண்டாவது சட்டம் என்ன சேர்?"

அவரே சொன்னார். "வெளிய போனது திரும்ப உள்ள வராது. கீழ ஒங்கட கையெழுத்துத்தானே?"

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் 734ஆம் வரியை எழுதினேன். பெறுபவர்: காக்கா, காத்தான்குடி. 'வெற்று' என்று பதினாறு வருடத்துக்கு முன் எழுதியதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, திருத்தத்துக்குக் கையொப்பமிட்டேன்.

அண்ணரின் நோய்க்காலத்தில் வீடு தேடி வந்து மருந்து தந்த வைத்தியருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், எட்டு நாளும் உணவு சமைத்து அனுப்பிய ஏழு வீட்டாருக்கும், கிரியைக்கு வந்த 214 பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணரிடம் கசற் பெற்ற எல்லோருக்கும் நன்றி. உங்களைக் கண்டு எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

காக்காவுக்கும் நன்றி. அந்தக் கசற்றை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். மாதத்தில் ஒரு தரம் முழுக்க ஓட்டித் திருப்பிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாடா ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து பார்ப்பேன்.