பெரியப்பாவின் ஓடும் வீடு

லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக் குசினியில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் படி ஒன்று கிடக்கிறது. ஒரு சாண் உயரம்தான். மேல் அலுமாரியில் இருக்கும் தேயிலை டின்னை எடுக்க அதில்தான் ஏறுவேன். அதன் வலப்பக்கம் நீளமாக வெடித்து, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. "அம்மா, ப்ளீஸ், இதை எறியுங்கோ. விழுந்து காலை உடைச்சா நான்தான் பாக்கோணும்" என்று மகள் மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். புதிதாக ஒன்று வாங்குவது பெரிய காரியமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இது பெரியப்பாவின் வான் வண்டிக்கு ஏறுகிற படி.

பெரியப்பா லண்டனில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். பெரியம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சிறுமியாக இருக்கும்போதே என் அப்பா இறந்துவிட்டதால், என்னைப் படிப்பித்து ஆளாக்கியது அவர்கள்தான். இருவரும் ஓய்வு பெற்ற வருடம், பெரியப்பா ஒரு பழைய மோட்டர் ஹோமை வாங்கிக்கொண்டு வந்து லூயிஷாமில் தன் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நாங்கள் சுருக்கமாக வான் என்போம். கோயிலில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அகதியா வந்து வீடில்லாமல் அலைஞ்சது காணாதெண்டு, இப்ப வீட்டையே இழுத்துக்கொண்டு அலையப் போறியளோ அண்ணை?" என்று ஒருவர் கேட்டார். பெரியப்பா அசரவில்லை. "இவ்வளவு காலமும் மற்றவை மணியடிச்ச இடத்திலதான் நிப்பாட்டினனான். இனி நான் நினைச்ச இடத்தில நிப்பாட்டுவன்" என்றார்.

அவர் நினைத்த இடமெல்லாம் பழைய சிநேகிதர்களின் வீட்டு வாசல்களாகவே இருந்தன. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்டன் பார்க்கில் ஒரே வீட்டில் பெரியப்பாவோடு சேர்த்து ஏழு இளந்தாரிகள், மூன்று கட்டில்களில் ஷிப்ட் முறைக்குப் படுத்து எழும்பியவர்கள். பிறகு வேலை, கலியாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். லெஸ்டர், கார்டிஃப், நியூகாசில் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போவதுதான் பெரியப்பாவின் திட்டம். கடற்கரையோரம் வானை நிறுத்தி, அலைச் சத்தத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தூங்கலாம் என்று பெரியம்மாவுக்கு ஆசை காட்டித்தான் அதை வாங்கினார். நடந்தது வேறு. எங்கள் சனத்தின் வீட்டுக்கு முன்னால் வானுக்குள் படுக்க விடுவார்களா? "வீடு இருக்க றோட்டில படுக்கிறதோ? எங்களுக்கு மானம் இல்லையோ?" என்று தலையணையைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். வான் கட்டிலில் சாமான்கள் படுத்தன. லெஸ்டர்க்காரர் கார்டிஃப் தங்கைக்குக் கொடுத்த மிளகாய்த்தூள், கார்டிஃப்க்காரர் நியூகாசில் மருமகளுக்குக் கொடுத்த பனங்கிழங்கு ஒடியல் மா. போகிற ஊரிலெல்லாம் பெரியம்மா கோயிலையும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுப்பார். "இஞ்சத்தைய பிள்ளையள் லண்டன் பிள்ளையளை விட நல்லாத் தமிழ் கதைக்குதுகள். ஆனா சம்பலுக்குச் சீனி போடுதுகள், என்ன கண்றாவியோ." மூன்று வருடத்தில் அந்தக் கட்டிலில் அவர்கள் பத்து இரவு படுத்திருந்தால் அதிகம்.

மற்ற ஆறு பேரில் ஒருவரிடம் மட்டும் வான் போகவில்லை. அவர் கிளாஸ்கோ மாமா. அதற்குக் காரணம் நான்.

என் கலியாணத்துக்குப் பெரியப்பாதான் வீட்டுப் பெரியவர். எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். அட்டையைக் கையில் கொடுத்து, "கட்டாயம் வரோணும்" என்று வாயால் கேட்கவேண்டும். பெரியப்பா தன் லீவு நாட்களைப் பிரித்து ஊர் ஊராகப் போக அட்டவணை போட்டு வைத்திருந்தார். நானோ அப்போதுதான் கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்த மேதாவி. கடிதம் அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு. மனுசன் ஏன் பஸ்ஸிலும் ரயிலிலும் நாயாய் அலையவேண்டும் என்று, தூரத்து அட்டைகளுக்கெல்லாம் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன். பெரியப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சரி, போனது போகட்டும். கிளாஸ்கோக்காரன் கோவிக்கமாட்டான்" என்றார்.

மற்றவர்கள் வந்தார்கள். கிளாஸ்கோ மாமா வரவில்லை. "தபாலில கூப்பிடுறவன்ரை வாசற்படி மிதிக்கமாட்டன்" என்று சொன்னாராம். செய்தி காதுக்கு வந்ததும் பெரியப்பாவும் விறைத்துக்கொண்டார். "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு வராதவன்ரை படியை நானும் மிதிக்கமாட்டன்." நான் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று பலமுறை கேட்டேன். "வீட்டுப் பிள்ளையை முன்னுக்குத் தள்ளிப்போட்டு நான் பின்னால ஒளிக்கிறதோ?" என்று வாயை அடைத்துவிடுவார். அப்படியே பதினாறு வருடம் போனது. அவ்வளவு காலமும் அது என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

பிறகு பெரியப்பாவின் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் கண்டுபிடித்தார். அந்த மார்கழிக்குள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஆயிற்று. புரட்டாதியில் பெரியம்மா போன் எடுத்தார். "கடைசியா ஒருக்கா ஸ்கொட்லாந்தைப் பாக்கோணுமாம். ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு வா. பாதித் தூரம் வானை நீ ஓடு." ஸ்கொட்லாந்தில் எதைப் பார்க்கவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த முறை தப்பினால் இனி அந்த இரண்டு பேரும் முகம் பார்க்கப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் பின்னேரம் தூறலுக்குள் கிளாஸ்கோ மாமாவின் வீட்டுக்கு நேரே றோட்டில் வானை நிறுத்தினேன். பெரியம்மா கதவைத் திறந்து இந்தப் படியை நிலத்தில் வைத்தார். பெரியப்பா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "நான் இறங்கமாட்டன். சொன்னது சொன்னதுதான்."

"அப்ப என்னத்துக்கு நானூறு மைல் ஓடி வந்தனீங்கள்? மழை பாக்கவோ?" என்றார் பெரியம்மா.

"நீர் சும்மா இரும்."

பெரியம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தார். எதிர்வீட்டுத் திரை விலகி மூடியது. எனக்கு அடக்கமுடியவில்லை. இறங்கிப் போய் மணியை அடித்தேன். இடுப்பில் சாரமும் மேலே தடித்த சுவெட்டருமாக, பெரிய உடம்போடு கிளாஸ்கோ மாமா கதவைத் திறந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல், "மாமா, அந்தக் கார்டைத் தபாலில போட்டது நான். பெரியப்பாவுக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும் பிள்ளை. உறையில இருந்தது அவன்ரை கோழிக் கிறுக்கல் இல்லையே."

"அப்ப ஏன் மாமா?"

"கார்டுக்குத்தான் அண்டைக்குக் கோவிச்சனான். அது ஒரு கிழமையில போயிட்டுது. நான் வரேல்லையெண்டு அவன் ஒரு போன் எடுத்துக் கேட்டவனோ? அவன்ரை வீட்டுக் கலியாணத்தில நான் இல்லாதது அவனுக்கு ஒரு குறையாத் தெரியேல்லைத்தானே." பெரியப்பாவும் இதையேதான் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்: வரமுடியாமல் போனவன் ஒரு போனாவது எடுத்தானா என்று.

அவர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "உது என்ன, அவன்ரை வானோ?"

"ஓம். உள்ளுக்குத்தான் இருக்கிறார். இறங்கமாட்டாராம்."

"லூயிஷாம் வீட்டுப் படியைத்தான் மிதிக்கமாட்டனெண்டனான். உந்த வானைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு மழைக்குள் நடந்தார். படியில் வலது காலை வைத்தார். அது 'படார்' என்று வெடித்தது. மனுசன் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாட, பெரியப்பா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதற் சொல் இதுதான்: "டேய், கவனம்! என்னடா இந்த நிறை நிறைக்கிறாய்?"

"உன்ரை படி சரியில்லை எண்டு சொல்லு" என்றார் கிளாஸ்கோ மாமா. பிடித்த கையை இருவரும் விடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. அன்று இரவு வழக்கம்போலத் தலையணை பறிபோனது, பெரியப்பா அந்த வீட்டுப் படியேறித்தான் படுத்தார்.

மார்கழியில் வானை விற்றோம். வாங்கியவர் உடைந்த படி வேண்டாம் என்றார், நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு போன ஆவணியில் பெரியப்பா போகும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போனில் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

செத்தவீட்டுக்கு எல்லோருக்கும் நான்தான் அறிவித்தேன். கையடக்கப் போனில் இருந்த பெயர்களை வரிசையாக அழைத்தேன். கிளாஸ்கோ மாமாவின் இலக்கம் பெரியப்பாவின் பழைய கொப்பியில் மட்டும்தான் இருந்தது. அவருக்குச் சொல்லவில்லை என்பது எரியூட்டும் அன்று காலைதான் எனக்கு உறைத்தது. பதறிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், முதல் வரிசையில் கறுப்புக் கோட்டோடு அவர் இருக்கிறார்.

"மாமா, உங்களுக்குச் சொல்ல மறந்திட்டன். இதோட ரெண்டாந்தரம்" என்று அழுதேன்.

"கலியாணத்துக்குத்தான் பிள்ளை சொல்லோணும். செத்தவீட்டுக்கு ஆரும் சொல்லியே வாறது? செய்தி காதில விழுந்தால் வாறதுதான்." என்று என் தலையைத் தடவினார்.

பின்னேரம் பெரியம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி போட நான் குசினிக்குள் போக, பின்னாலேயே வந்து கதவடியில் நின்றார். நான் படியை இழுத்துப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். டேப் சுற்றிய பக்கத்தைப் பார்த்தார். அதுவரை அழாத மனுசன் அப்போதுதான் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இடப்பக்கமா ஏறு, பிள்ளை. மற்றது நான் உடைச்சது" என்றார்.

இன்று காலையும் மகள் அதை எறியச் சொன்னாள். நான் இடப்பக்கமாக ஏறித் தேயிலை டின்னை எடுத்தேன்.