மூன்று பக்கங்களிலும் ஒரே கை

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். பால் காய்ச்சினேன். என் கணவர் கோச்சடைப் பக்கம் வேலியில் பறித்துவந்த இலையைக் கொதிக்கவைத்து ஒரு தம்ளர் குடித்தார். சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் கஷாயமாம். ஒரு வாரமாக இதுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடுவதில்லை.

"மாத்திரையையும் போடுங்க," என்றேன்.

"மூணு வெப்சைட்டுல போட்ருக்கான். மூணு பேருமா சேந்து பொய் சொல்லுவானுங்க? இன்னைக்கும் உசுரோட இருக்கேன்னு உன் டைரியில எழுதிக்க."

சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். மாலையில் வந்ததும் வாந்தி எடுத்தார். "கடைச் சால்னா சேரல," என்றார்.

அவருடைய போனை வாங்கி அந்த மூன்று பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை, தேதியும் இல்லை. மூன்றிலும் ஒரே படம். இலையைப் பிடித்திருக்கும் ஒரு கை, கட்டைவிரல் நகம் பாதி கறுத்தது. அந்த நகத்தை மூன்றாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்று பேர் சொல்லவில்லை. யாரோ ஒருவர் சொன்னதை மற்றவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் பக்கம் கிடைத்தது. எழுதியவர் பெயர் இருந்தது. பூவுக்கும் காய்க்கும் தனித்தனிப் படம் இருந்தது. இதே சாயலில் வேறு கொடிகள் உண்டு, சிலது வாந்தியை உண்டாக்கும் என்றது. சிறுகுறிஞ்சானை மென்றால் சற்று நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்றும் சொன்னது. அதையும் உடனே நம்பவில்லை. வேறொரு மூலிகைத் தோட்டத்தின் பக்கம், வேறு படங்களோடு, அதையே சொன்ன பிறகுதான் நம்பினேன்.

மிச்சமிருந்த இலையில் ஒன்றை மென்று துப்பினேன்.

"ஆடு மாதிரியே மெல்லுற," என்றார் கட்டிலில் படுத்தபடி.

ஒரு சிட்டிகைச் சீனியை நாக்கில் வைத்தேன்.

"இனிக்குதுங்க. சிறுகுறிஞ்சான்னா இனிப்பே தெரியாதாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப ஒரு வாரமா நான் குடிச்சது என்ன?"

டாக்டருக்குப் போன் செய்தேன். மறுபடி வாந்தி வந்தாலோ மயக்கமாக இருந்தாலோ உடனே கூட்டி வரச் சொன்னார். இல்லையென்றால் காலையில் வெறும் வயிற்றோடு, இலையையும் எடுத்துக்கொண்டு. வாந்தி வரவில்லை. ஆனாலும் அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக, விளக்கைப் போடும் முன்பே, அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. அதன் பிறகுதான் எழுந்துபோய் இலையைப் பையில் கட்டினேன்.