பாக்கியம் போட்ட பந்தி

மதிய டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பாக்கியத்தின் மகன் போனில் அழைத்தான். "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றான். சிவகாசியில் எங்கள் தீக்காய வார்டில் படுத்துக் குணமாகிப் போன உங்களுக்கெல்லாம் அவர் பாக்கியம் சிஸ்டர். எனக்கு 'அவள்', 'இவள்'தான். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

தீபாவளி சீசன் நெருங்கினால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை கூடும், விபத்தும் கூடும். கட்டுப் பிரிக்கும்போது நோயாளி அலறுவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நர்ஸ் உட்கார்ந்தாலே குற்றம் என்ற நிர்வாகத்தைத்தான் தாங்க முடியவில்லை. அப்போது எங்களுக்கென்று ஓர் அறை இல்லை. அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி நாலு வாய் விழுங்கிவிட்டு ஓடுவோம். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். கொழுந்தனாரின் அச்சகத்தில் மேசை வேலை காத்திருந்தது. மாதக் கடைசியில் போய்விடுவதாகப் பாக்கியத்திடம் சொன்னேன். கொஞ்சம் பொறு என்றாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியை நடத்தும் முதலாளி வார்டைப் பார்க்க வந்தார். சாப்பாட்டு நேரம். பாக்கியம் அவரை மூட்டை அறைக்கு அழைத்துப் போய், இடம் ஒதுக்கி, தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள்.

"இங்கனதான் நாங்க தெனமும் சாப்பிடுறோம் அண்ணாச்சி. நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பதுபோல்தான் சொன்னாள். அண்ணாச்சி வாங்கினார். அந்த வாடையில் அவரால் ஒரு கவளம் வாயில் வைக்க முடியவில்லை. பாக்ஸை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். இவள் வேலை போயிற்று என்றே நினைத்தேன். சில நாளில் பழைய சாமான் அறையைக் காலி செய்து, பெஞ்சும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

அதன் பிறகு ஒருத்தி சாப்பிடும்போது இன்னொருத்தி அவள் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வாள். அலறல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் கட்டு மாற்றும்போது என் கை நிதானமானது. பிள்ளைகளும் பயமில்லாமல் என் பக்கத்தில் வந்தார்கள். நான் அச்சகத்துக்குப் போகவில்லை.

கடைசியில் அவளே நெஞ்சு வலியோடு எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். நான் கட்டிலைவிட்டு நகரவில்லை.

"போய்ச் சாப்பிடு புள்ள. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்றாள்.

சாப்பிட்டுத் திரும்பியதும் என்ன குழம்பு என்று கேட்டாள். கத்திரிக்காய் என்றேன். சிரித்தாள். எங்கள் கடைசிப் பேச்சு அது. அன்றிரவு வீட்டுக்குப் போனேன், மறுநாள் அவள் மகனின் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து டியூட்டிக்குப் போன அன்று, உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டேன். அழுகையும் கூடவே வந்தது. கை கழுவியதும் வார்டுக்குப் போய், அதுவரை என் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளைச் சாப்பிட அனுப்பினேன். பாக்கியத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.