தண்ணீர்த் தொட்டியைக் கூப்பிட்ட மோதினார்

மோதினார் சத்தம் போட்டால் சாதத்தில் உட்கார்ந்த ஈ கூட எழுந்திருக்காது. பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஆள் கூப்பிடுவதே வேலை. அந்த மனிதருக்கு அல்லாஹ் கொடுத்ததோ பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல். அழகான குரல்தான், பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். இத்தனை வருஷமும் மினாராவில் இருந்த ஒலிபெருக்கிதான் அதை ஊருக்குச் சுமந்துபோனது.

அவர் மனைவி நேரெதிர். அடுப்படியில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் விளையாடுகிற பிள்ளைகள் போட்டது போட்டபடி ஓடிவரும். தெருவே அவளை மைக்கக்கா என்றுதான் சொல்லும். "குரல் இருக்கிறவ கூப்பிடுறா, உங்களுக்கு ஏன் வயிறெரியுது?" என்பாள்.

ஆட்சி மாறியது. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கூடாதென்று உத்தரவு வந்தது. ஏணியோடு வந்தவர்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். எதிர்க்கடைக்காரர்கள் சிலர் கைதட்டினார்கள். நேற்றுவரை சிரித்துப் பேசி வியாபாரம் செய்தவர்கள்தான். பாத்திரக்கடைக்காரர் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மைக்கக்கா இரண்டையும் பார்த்தாள். உட்கார்ந்து வருத்தப்பட அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அடுத்த வாரமே ஜமாஅத் செயலாளர் வாசலில் வந்து நின்றார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. சாயங்கால அஸர் தொழுகைக்கு முதல் வரிசையே நிறையல. எங்க வீட்டுக்கு ஒண்ணுமே கேக்கல. நல்லா கணீர்னு ஒரு பையன் இருக்கான்..."

மோதினார் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைகளும் மோதினார் வேலைக்கென்று கொடுத்தவை. வேலை போனால் கூரையும் போகும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. என் வீடு வரைக்கும் கேட்டா நீங்களே இருங்க" என்றார் செயலாளர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வீடு இருப்பது கடைத்தெருவையும் தாண்டி.

"கேக்கும்!" என்றாள் மைக்கக்கா, உள்ளேயிருந்து. செயலாளர் திடுக்கிட்டு ஒரு படி பின்னால் போனார்.

அன்றைக்கே பாடம் ஆரம்பமானது.

"வயித்துலேருந்து சொல்லுங்க. பல்லு வலிக்காரன் மாதிரி ஏன் முனகுறீங்க?"

"பாங்குடி இது. குழாயடிச் சண்டை இல்ல."

"சண்டை போடவா சொன்னேன்? கூப்பிட்டா வர்றவனுக்குக் கேக்க வேணாமா?"

குரல் கொஞ்சம் தேறியது. ஆனாலும் போதவில்லை. பாங்கு நேரமெல்லாம் மைக்கக்கா கூடையோடு ஒவ்வொரு தெருமுக்காகப் போய் நின்று காதைக் கொடுத்தாள். வலப்பக்கச் சந்திலும் ஒன்றுமில்லை, இடப்பக்கச் சந்திலும் ஒன்றுமில்லை. புதன்கிழமை பாங்கு முடியுமுன்னே எரிச்சலோடு திரும்பி வந்து, கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பள்ளிவாசல் மொட்டை மாடியில் மோதினார் காதில் விரலை வைத்துக்கொண்டு, அடித்து வைத்த முளை மாதிரி, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏங்க, தொழுகைக்கு வாங்கன்னு சொல்றப்ப மூஞ்சியை வலது பக்கம் திருப்பணும், வெற்றிக்கு வாங்கன்னு சொல்றப்ப இடது பக்கம். ஓதுற பிள்ளைக்குக் கூடத் தெரியும். நீங்க தொட்டியையே கூப்பிடுறீங்களே, அது எந்திரிச்சு வருமா?"

மோதினார் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முன்பு முகத்தைத் திருப்பினால் மைக் சத்தத்தை விட்டுவிடும். அதற்காகக் கழுத்தை அசைக்காமலே சொல்லிப் பழகியிருந்தார். மைக் போன பிறகும் கழுத்துக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

"ரப்பே, இத்தனை வருஷமா நபி காட்டின சுன்னத்தை விட்டுட்டேனே..." கண் கலங்கியது.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க மொதல்ல."

வெள்ளிக்கிழமை அஸருக்கு முன்னால் அவள் செயலாளர் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். முன்னறையில் செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாத்திரம் துலக்கியபடி மருமகளைப் பற்றி ஆவலாதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுக்கா, ஒரு நாளாவது அவளா எந்திரிச்சு..."

பாதியில் பேச்சு நின்றது. ஈரக்கையை அவசரமாகத் துடைத்து, சரிந்திருந்த முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். உதடு தானாக முணுமுணுத்தது.

"என்ன, திடீர்னு சத்தத்தையே காணோம்?" என்று செயலாளர் எட்டிப் பார்த்தார். மனைவி உஷ் என்று கை காட்டினாள். அவரும் டம்ளரோடு அசையாமல் நின்றார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே, நூல் மாதிரி மெலிசாக, கூப்பாடு வந்துகொண்டிருந்தது.

மைக்கக்காவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் பாங்குக்கு நடுவில் பேச முடியாதே! வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் சிவந்துபோய். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் செயலாளர் டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டுச்சு. மெலிசாத்தான்..."

"மெலிசா கூப்பிட்டாலும் நடந்துதான் போவணும். கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டுக் கிளம்புங்க, ஜமாஅத் தொழுகை தப்பிடும்" என்றாள் மைக்கக்கா.