சுவரைத் தாண்டிய வெந்நீர்

ஊரில் அவளை வெந்நீர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ள அவளுக்கு வேறொரு ஆள் இருந்தான், சுவருக்கு அந்தப் பக்கம்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது, கொல்லையில் ஒரு பெரிய கல்தொட்டி இருந்தது. தொட்டியின் அடியில் பாறை வெடித்திருந்த இடத்திலிருந்து தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஏறி வந்துகொண்டே இருக்கும். அழுகின முட்டை நாற்றம். மாமனார் அதில் வாளி விட்டு மொண்டு குளிப்பதோடு சரி. மிச்சமெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. புதுப்பெண்ணுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. வேறு வீடுகளில் ஒரு அண்டா தண்ணீர் காய அடுப்போடு மல்லுக்கு நிற்கிறார்கள், இங்கே பூமியே அடுப்பு வைத்துக் கொடுக்கிறது. அவள் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தாள், துணி ஊற வைக்க இரண்டு சிமெண்ட் தொட்டி கட்டினாள். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் வந்தன, பிறகு ஓட்டல் மேசைத்துணிகள். ஈர விரிப்பு கல்லாய்க் கனக்கும். நுனியில் இரும்புக் கொக்கி போட்ட நீளமான கழியால் அவள் அதைப் புரட்டிப் புரட்டித் தூக்குவாள். மறுமுனையை அவள் புருஷன் பிடித்துக்கொள்வான். குழாய்க்குள் சுண்ணாம்பு பூத்து அடைத்துக்கொண்டால் உளி வைத்து உடைப்பதும் அவள்தான். கை இரண்டும் முழங்கை வரை வெந்து சிவந்தே இருக்கும்.

புருஷன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேர்த்து அவளுக்கு வாய் இருந்தது.

மாமனார் போன பிறகு சொத்தைப் பிரித்தார்கள். கொழுந்தன் தச்சுவேலை செய்பவன். எந்தப் பாதி வேண்டும் என்று கேட்டபோது, தெருவைப் பார்த்த முன்பாதியை அவனாகவேதான் கேட்டு வாங்கினான். "கடை வைக்க ரோடு வேணும் அண்ணி. அந்த நாத்தம் புடிச்ச தொட்டிய நீங்களே வச்சுக்குங்க" என்று சிரித்தான். அதே தொட்டியால் அவள் சலவைக்கூடத்துக்குத் தகரக்கூரை போட்டு, வண்டி வாங்கி, மூன்று பெண்களை வேலைக்கு வைத்தபோது அந்தச் சிரிப்பு காணாமல் போயிற்று. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னான். அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவள் தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவி அவன் பட்டறைக்குள் புகுந்தது. காய வைத்த பலகைகள் வளைந்தன, ஒட்டின கதவுகள் பிளந்தன. இவளிடம் வந்து ஒருமுறை நல்லபடியாகத்தான் கேட்டான்.

"ஒரு தடுப்பு வைங்க அண்ணி. என் மரமெல்லாம் வீணாப் போகுது."

"மரம் வளைஞ்சா மரத்தக் கேளு. ஆவிய நான் புடிச்சா அனுப்பறேன்?"

அன்றோடு 'நீங்க' போய் 'நீ' வந்தது. அவன் பத்தடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினான். வண்டி வெளியே போகிற சந்தில் மரக்கட்டைகளை அடுக்கினான். இவள் சலவைத் தண்ணீரைச் சுவரோரமாகத் திருப்பிவிட்டாள். சூடும் சோடாவும் கலந்த தண்ணீர், அவன் பக்கத்து எலுமிச்சை மரங்கள் வேரோடு வெந்து நின்றன. அவன் அவளை 'அந்த ஆவி' என்றான், செத்தவர்களைச் சொல்கிற அர்த்தத்தில். அவள் அவனை 'மரக்கட்டை' என்றாள். புருஷன் ஒருநாள் சமாதானம் பேசப் போய், தம்பியிடம் 'பொண்டாட்டி தாசன்' என்ற பட்டத்தோடும், திரும்பி வந்து மனைவியிடம் 'தம்பிக்கு வால் பிடிக்கிறவன்' என்ற பட்டத்தோடும் தூங்கப் போனான். பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. ஒருநாள் முற்பகல், ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தபோது தரை பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அடுத்த மூச்சில் சிமெண்ட் தொட்டித் தண்ணீர் எழுந்து அவள் மார்பில் அடித்தது. நிற்க முடியவில்லை. வேலைக்காரப் பெண்கள் தவழ்ந்துகொண்டே வெளியே போனார்கள். தகரக்கூரை ஒருபக்கம் சரிந்தது. தெருவில் எங்கேயோ ஒரு மாடி இறங்குகிற சத்தம். ஆட்டம் நின்ற பிறகும் கொடியில் தொங்கிய விரிப்புகள் காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

ஊரில் சிலர் செத்தார்கள். அவள் வீட்டில் ஆளுக்குச் சேதமில்லை. சுவரில் ஒரு வெடிப்பு விழுந்ததே தவிர, சுவர் நின்றது. கொழுந்தன் நன்றாகத்தான் கட்டியிருந்தான்.

ஆனால் கல்தொட்டியில் தண்ணீர் சேறாகப் பொங்கியது. சாயங்காலம் அது வெதுவெதுப்பாயிற்று. மறுநாள் காலை அடியில் ஈரம்கூட இல்லை. வெடித்த பாறையில் கை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கல் குளிர்ந்து அவள் பார்த்ததில்லை. குழிக்குள் குனிந்து, "எங்கடா போன?" என்று கத்தினாள். வேலைக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் அவள் சந்தேகம் போன இடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். நேராகப் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"என்ன பண்ணின? போர் கீர் போட்டு இழுத்துட்டியா?"

கொழுந்தன் விழுந்து கிடந்த அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். "பூகம்பத்த நான்தான் வரவழைச்சேன், போ. போலீஸ்ல சொல்லு" என்றான். அவன் பெண்டாட்டி, இவளுடைய ஓரகத்தி, உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு இவளுக்கு ஆறவே இல்லை.

அந்த வாரமே அரசாங்கத்திலிருந்து நிலத்தைச் சோதிக்க ஒரு அம்மா வந்தாள். முதுகில் பெட்டி, கையில் கம்பிகள். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"கடலுக்கு அடியில இருக்கற தரை, நம்ம நிலத்துக்குக் கீழ மெதுவா நுழைஞ்சுக்கிட்டே இருக்குங்க. கடல் தண்ணியையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகுது. ரொம்ப ஆழத்துல அதனாலதான் பாறை உருகி மேல ஏறுது. அந்தச் சூடுதான் உங்க அடுப்பு. கடல்லேருந்து கிளம்பற மேகம் மலையில மழையாப் பெய்யுது, அந்த மழை விரிசல் வழியா கீழ போயி, வெந்து, திரும்ப ஏறி வருது. நீங்க போன வாரம் துவைச்சது உங்க தாத்தா காலத்து மழையா இருக்கும்."

"யாரு காலத்து மழையா இருந்தா என்னம்மா. இப்ப எங்க போச்சு?"

"நுழையற தரை அங்கங்க மாட்டிக்கிட்டு நிக்கும். தாங்காம ஒருநாள் விடுபடும். அதுதான் அன்னிக்கு ஆடினது. அந்த ஆட்டத்துல இந்த விரிசல் மூடியிருக்கு. தண்ணி சும்மா இருக்காது, வேற வழி பாத்துக்கும்."

"எந்தப் பக்கம்?"

"அது தெரியலைங்க."

தெரிய அதிக நாள் ஆகவில்லை. பட்டறைத் தரை சுட ஆரம்பித்தது. செருப்பில்லாமல் நடக்க முடியவில்லை என்று ஓரகத்தி தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனாள். பிறகு தரையில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து வெள்ளையாக ஆவி. கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சமிருந்த பலகைகளெல்லாம் வில்லாக வளைந்தன, அவன் கவலைப்படவில்லை. "கோர்ட்டு என்ன தீர்ப்பு சொல்றது, பூமியே சொல்லிருச்சு" என்று டீக்கடையில் பேசினான். ஓட்டல் முதலாளி வீட்டுக்குப் போய், இனிமேல் மேசைத்துணியெல்லாம் தன்னிடம் அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்தான். இவள் ஓட்டல் வாசலில் வண்டியோடு போய் நின்றபோது, "தண்ணியே இல்லாம எதுல துவைப்ப?" என்று அந்த ஆள் கேட்டான். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

வேலைக்காரப் பெண்கள் நின்றுவிட்டார்கள். புருஷனும் அவளும் அடுப்பு மூட்டி, இருக்கிற ஆஸ்பத்திரித் துணியை அண்டாவில் போட்டு வேகவைத்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம். கொழுந்தன் தண்ணீரைத் தேக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் பயந்து பட்டறைக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு வெட்டினான். வெட்டிக்கொண்டே பாடினான். அவனுக்குப் பாடவே வராது; இவள் காதில் விழவேண்டும் என்றே பாடினான்.

அன்றைக்குக் காற்று அசையவில்லை. மதியம் பாட்டு நின்றது. கடப்பாரையும் நின்றது. களைத்துவிட்டான், நல்லா வேணும் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவர் வெடிப்பு வழியாக வந்த நாற்றம் மூக்கைக் குத்தியது. தொட்டியில் அவள் பார்க்காத அளவு நாற்றம். கல்யாணமான புதிதில் இதேபோல் காற்றில்லாத ஒரு நாள், தண்ணீர் வடித்த சிமெண்ட் தொட்டியில் இறங்கிச் சுண்ணாம்பு சுரண்டியவள் அப்படியே சரிந்திருக்கிறாள். அந்த வாயு கனமானது. பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

"ஏய்" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

உண்மையைச் சொல்வதென்றால், அவள் உடனே ஓடவில்லை. நின்றாள். கழியை ஊன்றிக்கொண்டு, எலுமிச்சை மரங்கள், சந்தில் அடுக்கின கட்டைகள், ஓரகத்தியின் சிரிப்பு எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு நின்றாள். கிடக்கட்டும் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அடுப்படியிலிருந்து புருஷன், "என்ன, தம்பி சத்தத்தையே காணோம்?" என்று கேட்டான். அந்த 'தம்பி' என்ற சொல் அவளைக் கிளப்பிற்று. "வாங்க, கழியப் புடிங்க" என்று ஓடினாள்.

பட்டறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல் பலகையைக் கழியால் குத்திப் பெயர்த்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. இன்னும் எட்டிப் பார்த்தபோது சட்டென்று நாற்றமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

"உள்ள போகாதீங்க. போனா நீங்களும் அங்கதான்" என்று புருஷனைத் தடுத்தாள். எதிர்ப்பக்க ஜன்னலையும் உடைக்கச் சொன்னாள். குழி ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது, மார்பளவு ஆழம். கொழுந்தன் அதில் உட்கார்ந்த மாதிரி சாய்ந்து கிடந்தான், காலடியில் வெந்நீர் ஊறிக்கொண்டிருந்தது. அவள் வெளியே திரும்பி நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, அடக்கி, ஜன்னல் வழியாகக் குனிந்து கொக்கியை அவன் தோள்பக்கம் போட்டாள். சட்டை கிழிந்தது. வெளியே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி போட்டாள். இந்தத் தடவை தோள்பட்டைச் சதையோடு, கருவிப்பை மாட்டியிருந்த தோள்வாருக்குள் கொக்கி இறங்கி மாட்டியது. புருஷனும் அவளும் சேர்ந்து இழுத்தார்கள். இத்தனை வருஷமாக ஈர விரிப்பை இழுத்த இழுப்பு. அவன் ஜன்னல் விளிம்பில் உரசிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான்.

முகம் ஈயம் மாதிரி இருந்தது. அண்ணன்காரன் அழுதான். அவள் கன்னத்தில் அறைந்தாள், ஒன்றுக்கு இரண்டாக. அந்த அறைகளில் மருத்துவம் எவ்வளவு, பழைய கணக்கு எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. இரும ஆரம்பித்தான். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"யாரு உன்ன உள்ள வரச் சொன்னது?" என்றான்.

"யாரும் சொல்லல. விட்டுட்டுப் போயிருக்கணும்" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் அவன் படுத்துக் கிடந்தது அவள் துவைத்த விரிப்பின்மேல்தான். அதற்காக மனம் ஒன்றும் இளகவில்லை. தோளில் போட்ட தையலை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். குழியைக் கெடுக்க வந்து கொக்கியால் குத்தினாள் என்று ஓரகத்தி சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். இவள் மறுத்துப் பேசவில்லை. கொக்கி கொஞ்சம் ஆழமாகத்தான் இறங்கிவிட்டது என்று மட்டும் ஒருநாள் புருஷனிடம் சொன்னாள்.

ஆராய்ச்சி அம்மா மறுபடி வந்து இரண்டு பக்கமும் கம்பி இறக்கிப் பார்த்தாள். நிலம் வீங்குகிறது, வாயு கசிகிறது, குடியிருக்கக் கூடாது என்றாள். வேலி போட்டார்கள். தொட்டி, பட்டறை, நடுவில் அந்தச் சுவர், எல்லாம் ஒரே வேலிக்குள் போயிற்று. கொழுந்தன் ஊரின் மறுகோடியில் வாடகைக்குப் போனான். இவள் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு கொட்டகை பிடித்து, எரிவாயுக் கொதிகலன் வைத்தாள். முன்பிருந்த லாபம் இல்லை. துணியில் முட்டை நாற்றமும் இல்லை. ஓட்டல்காரன் திரும்பி வந்தான். இரண்டு மடங்கு நேரம் காக்க வைத்துத்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது லேசாக இன்னொரு ஆட்டம். பட்டறைக் குழியும் வறண்டது. ஊருக்குக் கீழே ஆற்றுப்படுகையில், யாருடைய நிலமும் இல்லாத மணலில், வெந்நீர் கொப்பளிக்கிறது என்று சொன்னார்கள். அவள் பார்க்கப் போனாள். தண்ணீர் ஆவி பறக்க ஆற்றுத்தண்ணீரில் கலந்து, நேராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் கொழுந்தன் நின்றிருந்தான். ஒரு தோள் தாழ்ந்திருந்தது.

"இங்கயும் கடை போட வந்துட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"இல்ல. நீ குழி தோண்டறதுக்கு எடம் பாக்க வந்தேன்" என்றாள்.

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவள் இன்னும் கொஞ்சம் நின்று, அவன் தலை மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைகிற வரை பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி, ஆவி வருகிற இடத்தில் காலை வைத்துப் பார்த்து, சூடு போதாது என்று முணுமுணுத்துவிட்டு, பின்தெருக் கொட்டகைக்கு நடந்தாள். ஆஸ்பத்திரித் துணி மதியத்துக்குள் போய்ச் சேரவேண்டியிருந்தது.