பால் தெளித்த சாம்பல்

ட்ரோன் கழனிக்கு மேலே நிற்கிறது. ரிமோட்டில், தூவுகிற ஸ்பிரெட்டரை ஆன் செய்துவிட்டேன். கீழே ஒன்றும் விழவில்லை. வரப்பில் நின்ற சாவு வீட்டுச் சொந்தக்காரர்கள் ட்ரோனை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

திண்டிவனம் பக்கத்தில் ட்ரோனில் மருந்து அடிப்பதும் உரம் தூவுவதும் என் தொழில். மகளிர் குழு மூலமாகப் பழகினேன். மிஷினைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. அன்று காலையிலேயே விக்கிரவாண்டியில் நெல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்திருந்தேன். ஏன்தான் இதை ஒத்துக்கொண்டோமோ என்றிருந்தது.

இறந்தவர் ஒரு விவசாயி. பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தவர். கூப்பிடு தூரத்தில்தான் கழனி. கடைசிவரை அதில் கால் வைக்க முடியவில்லை. சாம்பலாவது கழனி முழுக்க விழ வேண்டும் என்பது அவர் மனைவி தனலட்சுமியின் ஆசை. மகனுக்கு மரக்காணம் போய்க் கடலில் கரைத்தால் போதும். அம்மாவின் பிடிவாதத்துக்காக என்னைக் கூப்பிட்டான். ஒரு மூலை விடாமல் தூவித் தருகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கீழே இறக்கி டேங்க்கைத் திறந்தால் உள்ளே சாம்பல் களிமண் மாதிரி அப்பிக் கிடக்கிறது. சுடுகாட்டில் பால் தெளித்தபோது பாலும் இளநீரும் தாராளமாக ஊற்றி, எலும்பைப் பொறுக்கிக்கொண்டு, ஈரச் சாம்பலை அப்படியே பானையில் கட்டிவிட்டார்கள். மகன்தான் பானையை டேங்க்கில் கவிழ்த்தான். மரியாதைக்காக நான் திரும்பி நின்றிருந்தேன்.

"போதும்மா, பேஜாரா கீது. மரக்காணத்துக்கே எடுத்துக்கினு போறேன்" என்றான் மகன். சொந்தக்காரர்களும் அதுதான் சரி என்றார்கள். தனலட்சுமி ஒரு தாம்பாளம் எடுத்துவரச் சொல்லி, டேங்க்குக்கு முன்னால் உட்கார்ந்தார். பொம்பளை அதைத் தொடக்கூடாது என்று பங்காளி ஒருவர் தடுத்தார்.

"மூணு வருசம் அள்ளிக் கழுவனது இந்தக் கைதான். அப்ப யாரும் தொடாதன்னு சொல்லலியே."

பங்காளி விலகி நின்றார். தனலட்சுமி தாம்பாளத்தில் சாம்பலை வெயிலில் பரப்பி, ஒவ்வொரு கட்டியாக விரலால் உதிர்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உதிர்த்தேன். அடுத்த வேலைக்கு வானூர்க்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

காய்ந்த பிறகு டேங்க்கில் கொட்டி ட்ரோனை ஏற்றினேன். இந்த முறை விழுந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிகள் மேல் சன்னமாகப் படிந்தது. நாலு மூலையும் முடித்து இறக்கினேன்.

தனலட்சுமி நகரவில்லை.

"இன்னொரு சுத்து உடு பாப்பா."

"டேங்க்கு காலிங்க பெரிம்மா."

"தெரியுது. உடு."

வேறு பேட்டரி மாட்டி, காலி டேங்க்கோடு ஏற்றினேன். அது கழனியைச் சுற்றி முடிக்கும்வரை அவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

இப்போது யார் இந்த மாதிரி வேலைக்குக் கூப்பிட்டாலும், சாம்பலைக் காய வைத்தீர்களா என்று முதலில் கேட்கிறேன். போகும்போது ஒரு பேட்டரி அதிகமாக எடுத்துக்கொண்டு போகிறேன்.