கவனமும் பிராக்கும்

“…வாய் இருக்கு, கால் இருக்கு, கவனம் எண்ட சாமான் மட்டும் உங்கட பிள்ளையிட்ட மருந்துக்கும் இல்லை. முழுநாளும் வெளியில பிராக்கு. இப்பிடியே போனால் அடுத்த வருசமும் ரெண்டாம் வகுப்பிலதான் இருத்தோணும்.”

சொன்னவர் என் மகளின் வகுப்பு டீச்சர். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த மேல்மாடி வகுப்பறை. பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். குற்றவாளி மட்டும் என் பக்கத்தில் நின்று யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டாளிகள் எல்லாம் மேலே போக, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு இருந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று படுத்துவிடுவாள். ஆனாலும் அந்த ‘மருந்துக்கும் இல்லை’யை மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன். நல்ல பேச்சென்றால், எனக்கு விழுந்த ஏச்சாக இருந்தாலும் பொறுக்கிக்கொள்கிற ஆள் நான். மருந்துக்கும் வீட்டில் குறையில்லை. மூளை வளரும் என்று மேல்வீட்டு அன்ரி சொன்னதில் நாள்தோறும் வல்லாரைச் சம்பல், வெண்டைக்காய்ப் பால்கறி. வளர்ந்தது தலைமயிர்தான்.

“காலமை வந்த உடன ஒவ்வொரு மேசைக்குக் கீழயும் பூந்து எழும்புறா,” என்றார் டீச்சர். “பிறகு யன்னல். நான் கூட்டல் படிப்பிக்க, இவ றோட்டைப் பாக்கிறா.”

“ஏன் பிள்ளை மேசைக்குக் கீழ பூருறாய்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள், பஸ்ஸில சீற்றுக்குக் கீழ பார், பார்சல் ஏதும் கிடக்கும், கவனம் எண்டு.”

“அது பஸ்ஸிலயடி!”

“இஞ்சயும் சீற் இருக்குத்தானே?”

பஸ்களில் பார்சல் குண்டு வெடித்துக்கொண்டிருந்த அந்த நாளில் எங்கள் வீட்டில் பிள்ளையை வழியனுப்ப ‘போட்டு வா’ என்று யாரும் சொல்வதில்லை. ‘கவனம்’ என்போம். வாசலில் நான், படியில் அவளுடைய அப்பா, பல்கனியிலிருந்து அன்ரி.

டீச்சர் குரலைக் கொஞ்சம் இறக்கினார். “அப்ப றோட்டில என்ன பாக்கிறனீர்?”

“சுத்துமுத்தும் பாக்கச் சொல்லி அப்பா சொன்னவர். நான் கவனமாத்தான் இருக்கிறன் டீச்சர். இந்த வகுப்பில வேற ஒருத்தரும் பாக்கினமில்லை.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

“சரி, இண்டைக்கு என்ன கண்டனீர்?”

“பச்சை வான் ஒண்டு கனநேரம் நிண்டது. பயந்திட்டன். பிறகு பாத்தா இளநி இறக்கினவங்கள்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இப்ப உங்களைக் கூட்டிக்கொண்டு போக உங்கட சேர் வந்து நிக்கிறார். முன்கடையில லட்டுச் சாப்பிடுறார். இது ரெண்டாவது.”

“ஐயோ, சீனி வருத்தக்கார மனிசன்!”

கணவரைப் பார்க்க டீச்சர் யன்னலுக்குப் பாய்ந்தார். பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். திரும்பி வந்து, என் மகளின் மேசையைக் கரகரவென்று இழுத்துக் கரும்பலகைக்கு முன்னால் போட்டார்.

“நாளையில இருந்து றோட்டை நான் பாக்கிறன். ஒண்டும் விடமாட்டன். நீர் கணக்கை மட்டும் பாரும். மூண்டாம் வகுப்புக்குப் போக அது காணும்.”

“கவனமாப் பாப்பீங்களோ டீச்சர்?”

“கவனமாப் பாப்பன்.”

தன் நாற்காலியையும் யன்னலடிக்கு இழுத்துப் போட்டார். உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, குனிந்து அதற்குக் கீழே ஒருதரம் பார்த்தார்.